மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி யாராவது கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல அப்பப்போ ஒரு நியூஸ் வருது, ஏதோ ஒரு ஆஸ்பத்திரில அதிநவீன கருவி வந்துடுச்சுன்னு, ரிப்பன் வெட்டுற போட்டோவோட. கீழ பாத்தா ரத்த இழப்பு குறைவு, தழும்பு சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு மூணு விஷயம் எழுதியிருக்கும். அது அப்படியே கம்பெனி ப்ரோஷர்ல இருக்குற வாசகம், எனக்கு நல்லா தெரியும், ஏன்னா நான் பல வருஷம் பயோமெடிக்கல் இன்ஜினியரா வேலை பாத்து பர்ச்சேஸ் கமிட்டில உக்காந்து அந்த மாதிரி ப்ரோஷர் எக்கச்சக்கமா படிச்சவன். இந்த மெஷின் எதோட ஒப்பிட்டா நல்லது, அத யார் பாத்து சொன்னாங்க, எத்தன நோயாளிகள எத்தன வருஷம் ஃபாலோ பண்ணாங்க, இது மட்டும் அந்த நியூஸ்ல வரவே வராது. அதப் பத்தித் தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, ஆனா நம்பர்கள மட்டும் வெட்டிடாதீங்க.

ஒரு நோயாளிக்கு என்ன ட்ரீட்மென்ட்னு டாக்டர் ரூம்ல முடிவாகுதுன்னு நாம நெனச்சுட்டு இருக்கோம். நெறைய நேரம் அது அதுக்கு ரொம்ப முன்னாடியே, பர்ச்சேஸ் ஆர்டர்ல கையெழுத்து விழுற அன்னிக்கே முடிவாகிடுது. பெரிய தொகை போட்டு வாங்கின மெஷின் சும்மா நிக்கக் கூடாதுல்ல, மாசாமாசம் எத்தன கேஸ் ஓடுச்சுன்னு மேல இருந்து கேப்பாங்க, கேஸ் கம்மின்னா டிபார்ட்மென்ட் ஹெட் மூஞ்சி வாடும், அப்புறம் தானா யாருக்குத் தேவைன்ற கோடு கொஞ்சம் கொஞ்சமா நகரும், யாரும் தப்பு பண்ணணும்னு நெனச்சுப் பண்றது இல்ல. மில்டன் ரோமர்ன்ற அமெரிக்க பொதுச் சுகாதார நிபுணர் 1959 வாக்குலயே இதக் கண்டுபிடிச்சு சொல்லிட்டார், இன்சூரன்ஸ் இருக்குற மக்கள் மத்தியில பெட் கட்டினா அந்த பெட் நிரம்பிடும்னு. பெட்டுக்குச் சொன்னது ஸ்கேனுக்கும் பொருந்தும், இதய ரத்தக்குழாய்க்கு ட்ரீட்மென்ட் பண்ற கேத் லேபுக்கும் ஆபரேஷன் ரோபோவுக்கும் பொருந்தும். அதனால கேள்வி கேக்கணும்னா மெஷின் உள்ள வர்றதுக்கு முன்னாடி கேக்கணும், வந்தப்புறம் கேட்டா பதில் எப்பவும் "நல்லா தான் போயிட்டு இருக்கு சார்" தான்.

இப்படி முன்கூட்டியே கேக்குறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட், சுருக்கமா ஹெச்டிஏ. மெஷின் மட்டும் இல்ல, மருந்து, ஆபரேஷன் முறை, லேப் டெஸ்ட், தடுப்பூசி, ஐசியு ப்ரோட்டோகால் எல்லாமே இதுல வரும். வேலை செய்யுதா, இப்ப நம்மகிட்ட இருக்குறத விட எவ்ளோ அதிகமா வேலை செய்யுது, எந்த நோயாளிக்கு, அந்த அதிகப்படி பலனுக்கு எவ்ளோ செலவு, அதே பணத்த வேற எடத்துல போட்டிருந்தா யார் பொழச்சிருப்பாங்க, இதக் கொண்டு வந்தா நர்ஸ் வேலை லேப் வேலை தியேட்டர் நேரம் எப்படி மாறும்னு வரிசையா கேட்டு பதில எழுத்துல வைக்கிறது. வேடிக்கை என்னன்னா இந்த முறையே வளந்ததுக்கு ஒரு பெரிய காரணம் ஒரு மெஷின் தான். 1971ல லண்டன்ல மொத நோயாளிய சிடி ஸ்கேன் எடுத்தாங்க, அடுத்த சில வருஷத்துல அமெரிக்க ஆஸ்பத்திரிங்க போட்டி போட்டு வாங்க ஆரம்பிச்சுது, அப்போ அந்த நாட்டுப் பார்லிமென்ட்டுக்குக் கீழ இருந்த டெக்னாலஜி அசெஸ்மென்ட் ஆபீஸ் 1978ல சிடி ஸ்கேனர் பத்தி ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, எவ்ளோ உபயோகம்னு ஒழுங்கா பாக்குறதுக்கு முன்னாடியே இது பரவுதேன்னு. சிடி ஸ்கேன் அப்புறம் அருமையான கருவின்னு நிரூபணம் ஆச்சு, அது வேற, ஆனா கேள்வி சரியான கேள்வி. அந்த ஆபீஸ 1995ல மூடிட்டாங்க. ஆனா மத்த எடங்கள்ல இந்த முறை பரவுச்சு, ஸ்வீடன் 1987ல, இங்கிலாந்து 1999ல நைஸ்ன்ற அமைப்பு, தாய்லாந்து 2007ல, இந்தியா 2017லன்னு ஒவ்வொரு நாடா ஆரம்பிச்சிருக்காங்க, ஆஸ்திரேலியாவுல 1993ல இருந்தே அரசாங்கம் பணம் குடுக்கணும்னா மருந்துக் கம்பெனி செலவுக்கேத்த பலன் இருக்குன்னு கணக்கு காட்டணும்.

சரி, எதோட ஒப்பிட்டுன்னு கேக்கலன்னா என்ன ஆகும்? ஒரே ஒரு உதாரணத்த முழுசா சொல்றேன், ஏன்னா அந்த ப்ரோஷர் வாசகம் மூணுக்கும் இதுல பதில் இருக்கு. கர்ப்பப்பை வாய் புற்றுநோய், ஆரம்ப ஸ்டேஜ். பழைய முறை வயித்தத் திறந்து கர்ப்பப்பையையும் சுத்தி இருக்குற திசுவையும் எடுக்குறது. அப்புறம் லேப்ராஸ்கோப்பி வந்துச்சு, அதுக்கப்புறம் ரோபோ, 2000ல மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி குடுக்குற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ ரோபோவுக்கு அனுமதி குடுத்துச்சு. சின்ன ஓட்டை, ரத்தம் கம்மி, டிஸ்சார்ஜ் சீக்கிரம், அதனால சர்ஜன்கள் நெறைய பேர் மாறிட்டாங்க, நோயாளிகளும் அதத் தான் கேட்டாங்க. ஆனா கேன்சர் திரும்ப வருதா இல்லையான்னு சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு யாரும் பெரிய அளவுல பாக்கல. கடைசில ஒரு ட்ரையல் நடந்துச்சு, 33 ஆஸ்பத்திரி, 631 பெண்கள், ரிசல்ட் 2018ல வந்துச்சு. நாலரை வருஷம் கழிச்சு கேன்சர் இல்லாம இருந்தவங்க, வயித்தத் திறந்து ஆபரேஷன் பண்ண க்ரூப்ல 96.5 சதவீதம், சின்ன ஓட்டை க்ரூப்ல 86 சதவீதம். மூணு வருஷத்துல உயிரோட இருந்தவங்க, வயித்தத் திறந்த க்ரூப்ல 99 சதவீதம், சின்ன ஓட்டை க்ரூப்ல 93.8. ட்ரையல பாதிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. ரெண்டும் சமமாத் தான் இருக்கும், அத நிரூபிச்சுடலாம்னு நெனச்சு ஆரம்பிச்ச ட்ரையல் அது.

இத நான் ரோபோவுக்கு எதிரா சொல்லல, அந்த ட்ரையல்ல பெரும்பாலும் சாதா லேப்ராஸ்கோப்பி தான், ரோபோல பண்ணது ஆறுல ஒண்ணு அளவு தான். 2019ல எஃப்டிஏவே கேன்சர் ஆபரேஷன்ல ரோபோவோட பலனும் பாதுகாப்பும் நிரூபிக்கப்படலன்னு எச்சரிக்கை விட்டுச்சு, ஆனா ப்ராஸ்டேட் ஆபரேஷன்ல 2016ல ஆஸ்திரேலியால வந்த ட்ரையல்ல மூணு மாசத்துல சிறுநீர் கட்டுப்பாடும் தாம்பத்தியமும் ரெண்டு க்ரூப்லயும் ஒரே மாதிரி இருந்துச்சு, ரத்த இழப்பு ரோபோல கம்மி. அதாவது ஒரு எடத்துல சமம், இன்னொரு எடத்துல பழசு மேல், வேற எங்கயாவது புதுசு மேலாவும் இருக்கலாம். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனித்தனியா பாக்கணும், மெஷினுக்கு மொத்தமா ஒரு சர்டிபிகேட் கெடையாது. முக்கியமா ஒண்ணு கவனிங்க, ரத்த இழப்பு குறைவு, தழும்பு சின்னது, சீக்கிரம் வீடுன்ற அந்த மூணும் உண்மை தான். மூணும் உண்மையா இருக்கும்போதே நோயாளிகள் அதிகமா இறந்துபோகவும் முடியுதுன்றது தான் விஷயம்.

மருந்துலயும் இதே கதை தான். மாரடைப்பு வந்தவங்களுக்கு ஈசிஜில அங்கங்க தாளம் தப்புற துடிப்பு தெரியும், அது ஆபத்துன்னு தெரியும், அத அடக்குற மாத்திரை இருந்துச்சு, ஈசிஜி அழகா மாறிச்சு, அப்போ உயிர் காப்பாத்தும்னு தானே நெனைப்போம். அமெரிக்கால ட்ரையல் வச்சுப் பாத்தா 755 பேர் அந்த மாத்திரை சாப்பிட்டதுல 63 பேர் இறந்தாங்க, டம்மி மாத்திரை சாப்பிட்ட 743 பேர்ல 26 பேர் தான். 1989ல ட்ரையல்ல அந்த மாத்திரைகள குடுக்குற பகுதிய நிறுத்தினாங்க. மானிட்டர்ல தெரியுற நம்பர் நல்லாகுறதும் மனுஷன் நல்லாகுறதும் ஒண்ணு இல்ல, எங்க பயோமெடிக்கல் ஆளுங்களுக்கு இது இன்னும் கசப்பான விஷயம், ஏன்னா நாங்க வாங்கிக் குடுக்குறது பூரா நம்பர் காட்டுற பெட்டி.

முட்டி தேய்மானத்துக்கு உள்ள கேமரா விட்டு கழுவி சுரண்டி விடுற ஆபரேஷன் தெரியும்ல? 2002ல ஹூஸ்டன்ல 180 பேர மூணா பிரிச்சு ஒரு க்ரூப்புக்குத் தோல்ல மட்டும் கீறி தையல் போட்டு அனுப்பினாங்க, உள்ள ஒண்ணும் பண்ணல. ரெண்டு வருஷம் வரைக்கும் பாத்தாங்க, வலிலயும் நடையிலயும் மூணு க்ரூப்புக்கும் வித்தியாசம் இல்ல. இருந்தும் அந்த ஆபரேஷன் உடனே நிக்கல, ரொம்ப வருஷம் ஓடுச்சு, ஸ்கோப்பும் தியேட்டரும் கை பழகின சர்ஜனும் ஏற்கனவே இருக்காங்களே. அவசர நிலை இல்லாம, ஒரே அளவுல நெஞ்சு வலி வந்து போறவங்களுக்கு ரத்தக்குழாய திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைக்கிறதப் பத்தி 2007ல 2287 பேர் வச்சும் 2020ல 5179 பேர் வச்சும் ரெண்டு பெரிய ட்ரையல் வந்துச்சு, மொதல்ல நல்ல மருந்து குடுத்து பாத்துக்கிட்டவங்களோட ஒப்பிட்டா சாவு குறையல, வலி சிலருக்குக் குறைஞ்சுது. இதப் படிச்சுட்டு மாரடைப்பு வந்த நேரத்துல ஸ்டென்ட் வேணாம்னு யாரும் அடம் பிடிக்காதீங்க, அது முழுக்க வேற, அங்க அது உயிர் காக்குது. அதே ஸ்டென்ட், அதே கேத் லேப், யாருக்குன்றது மட்டும் மாறினா பதிலே மாறுது, இத யாராவது உக்காந்து எழுதி வச்சா தான டாக்டருக்கும் உதவி.

இனி பணம். இங்க தான் எல்லாருக்கும் கோவம் வரும், உயிருக்கு விலை வைக்கிறீங்களான்னு. கணக்கு எப்படின்னு சொல்லிடுறேன், அப்புறம் கோவப்படுங்க. முழு ஆரோக்கியத்தோட ஒரு வருஷம் வாழ்ந்தா 1 பாயின்ட், பாதி ஆரோக்கியத்தோட ரெண்டு வருஷம் வாழ்ந்தாலும் 1 பாயின்ட், இதுக்குக் குவாலின்னு பேர். பழைய ட்ரீட்மென்ட்ல சராசரியா 4 வருஷம் 0.6 தரத்துல வாழ்ந்தா 2.4, புதுசுல 5 வருஷம் 0.7 தரத்துல வாழ்ந்தா 3.5, ஆக அதிகம் 1.1. புதுசுக்கு அதிகப்படி செலவு 33 ஆயிரம்னா ஒரு பாயின்ட்டுக்கு 30 ஆயிரம். இங்கிலாந்துல நைஸ் நீண்ட காலமா 20 ஆயிரத்துல இருந்து 30 ஆயிரம் பவுண்டு வரைக்கும்னு ஒரு எல்லை வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் யார்க் யுனிவர்சிட்டி ஆளுங்க 2015ல ஒரு கணக்கு போட்டாங்க, அந்த நாட்டு ஆஸ்பத்திரிங்க ஏற்கனவே செய்யுற சாதாரண ட்ரீட்மென்ட்ல ஒரு பாயின்ட் ஆரோக்கியம் கெடைக்க சராசரியா கிட்டத்தட்ட 13 ஆயிரம் பவுண்டு தான் ஆகுதுன்னு. அப்படின்னா 30 ஆயிரத்துக்கு ஒரு புது மருந்த சேத்துக்கிட்டா, ஒரு ஆளுக்கு ஒரு பாயின்ட் குடுத்து, பேர் தெரியாத வேற யார்கிட்டயோ இருந்து ரெண்டு பாயின்ட்டுக்கு மேல பிடுங்குறோம்னு அர்த்தம். அந்தப் பேர் தெரியாத ஆளு எந்த பேப்பர்லயும் வரமாட்டார்.

இந்த எடத்துல உங்க தொழில் உள்ள வருது. 2005, 2006ல இங்கிலாந்துல ஹெர்செப்டின்ன்ற மார்பகப் புற்றுநோய் மருந்துக்குப் பெரிய போராட்டம், பேப்பர்ல தினம் ஒரு பெண்ணோட முகம், ஒரு நோயாளி அப்பீல் கோர்ட் வரைக்கும் போய் 2006ல ஜெயிச்சாங்க. மருந்து நல்ல மருந்து தான், நைஸும் அதே வருஷம் ஆரம்ப ஸ்டேஜுக்கு அனுமதி குடுத்துட்டாங்க, அதுல எனக்குத் தகராறு இல்ல. ஆனா நாரிச் ஊர்ல கேன்சர் டாக்டர்கள் சிலர் அதே 2006ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினாங்க, பட்ஜெட்ட ஏத்தாம இத எங்க ஆஸ்பத்திரில குடுக்கணும்னா வேற எந்த கேன்சர் நோயாளிகளோட எந்த ட்ரீட்மென்ட்ட நிறுத்தணும்னு பட்டியல் போட்டு. முகம் தெரிஞ்ச நோயாளிக்காக எல்லாரும் பேசினாங்க, அந்தப் பட்டியல்ல இருந்தவங்களுக்காக அவங்க டாக்டர் மட்டும் தான் பேசினாங்க.

குவாலி கணக்குல ஓட்டை இல்லாம இல்ல, அதயும் சொல்லணும். ஏற்கனவே மாற்றுத்திறனாளியா இருக்குறவங்களோட ஒரு வருஷத்துக்கு 0.6னு மார்க் போட்டா, அவங்க உயிரக் காப்பாத்துறதுக்குக் கெடைக்கிற பாயின்ட்டே கம்மியாகிடும், இது அநியாயம்னு அவங்க சொல்றது சரி தான். அமெரிக்கால 2010 சுகாதாரச் சட்டத்துல இத வச்சு எல்லை கட்டக் கூடாதுன்னு அரசாங்க இன்சூரன்ஸுக்கு எழுதியே வச்சிருக்காங்க, ஜெர்மனிக்காரங்க குவாலிய நம்பாம மொதல்ல நோயாளிக்கு அதிகப்படி பலன் என்னன்னு மட்டும் தனியா எடை போடுறாங்க. என் கருத்து, கணக்க மேசைல வைங்க, ஆனா கணக்கு மட்டும் முடிவு பண்ண விடாதீங்க, அபூர்வ நோய்க்கு வேற எல்லை, குழந்தைக்கு வேற யோசனைன்னு கமிட்டி பேசட்டும், பேசினத எழுதி வெளிய போடட்டும். இப்ப கணக்கே இல்லாம நடக்கும்போதும் பங்கீடு நடந்துட்டு தான இருக்கு, க்யூல முன்னாடி நின்னவங்க, ஆள் தெரிஞ்சவங்க, பணம் கட்ட முடிஞ்சவங்கன்னு. அத யாரும் பங்கீடுன்னு சொல்றது இல்ல, அவ்ளோ தான்.

டாக்டர்கள் சொல்ற ஆட்சேபணை வேற, அது நியாயமானது, நான் மதிக்கிறேன். ட்ரையல் சொல்றது ஆயிரம் பேரோட சராசரி, என் முன்னாடி உக்காந்து இருக்குறது ஒரு ஆளு, அவருக்கு கிட்னி வேற போயிருக்கு, வயசு 80, நீங்க ரூம்ல உக்காந்து முடிவு பண்ணா எப்படின்னு கேக்குறாங்க. உண்மை. அதனால ஹெச்டிஏ சிபாரிசு சட்டம் இல்ல, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றது, டாக்டர் அதத் தாண்டிப் போகலாம், ஏன் போனேன்னு கேஸ் ஷீட்ல ரெண்டு வரி எழுதினா போதும். அந்த ரெண்டு வரிய வருஷக் கடைசில சேத்துப் பாத்தா சிபாரிசுல என்ன கோளாறுன்னும் தெரியும், யார் காரணமே இல்லாம தாண்டுறாங்கன்னும் தெரியும். எனக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர்கள் இதுக்குப் பயந்ததே இல்ல, சொல்லப் போனா மேனேஜ்மென்ட் கேஸ் எண்ணிக்கை கேக்கும்போது எதுத்து நிக்க அவங்களுக்கு ஒரு காகிதம் கெடைக்குதேன்னு சந்தோஷப்பட்டவங்க உண்டு.

இன்னொரு தப்பான எண்ணம், ஹெச்டிஏன்னா எல்லாத்துக்கும் நோ சொல்ற கும்பல்னு. விலை கம்மியான பழைய மருந்துக்கு கம்பெனி ரெப் வரமாட்டார், டைரி தரமாட்டார், கான்ஃபரன்ஸுக்கு ஸ்பான்சர் இல்ல, அப்போ அதுக்காக யார் பேசுறது? கோவிட் நேரத்துல பல வருஷப் பழைய டெக்ஸாமெத்தசோன்ன்ற ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவ மூணுல ஒரு பங்கு குறைக்குதுன்னு 2020 ஜூன்ல இங்கிலாந்து ட்ரையல் காட்டுச்சு, அதே ட்ரையல் ஆக்ஸிஜன் தேவைப்படாதவங்களுக்குப் பலன் இல்லன்னும் சொல்லுச்சு, ரெண்டாவது பாதிய நெறைய எடத்துல காதுல வாங்கலன்றது வேற சோகம். விபத்துல ரத்தம் போறவங்களுக்கு ட்ரானெக்சாமிக் ஆசிட், 2010ல 20 ஆயிரம் பேருக்கு மேல வச்சுப் பாத்த ட்ரையல், மூணு மணி நேரத்துக்குள்ள போட்டா உயிர் மிஞ்சுது, அதுக்கப்புறம் போட்டா கெடுதல். அப்போ ஆஸ்பத்திரி எடுக்க வேண்டிய முடிவு மருந்து ஸ்டாக் வைக்கிறது மட்டும் இல்ல, ஆம்புலன்ஸ்ல யார் போடுவாங்க, அடிபட்ட நேரத்த யார் எழுதுவாங்கன்றதும் தான். கண்ணுல விழித்திரை கெட்டுப் போறதுக்கு போடுற ஊசிலயும் பாருங்க, அப்போ ஒண்ணு டோஸ் 2000 டாலர், இன்னொண்ணு சுமார் 50 டாலரா இருந்துச்சு, 2011ல அமெரிக்கால ஒப்பிட்டுப் பாத்தா ஒரு வருஷத்துல பார்வை முன்னேற்றம் ரெண்டுலயும் சமம். விலை கம்மியான மருந்து கேன்சருக்கு வர்ற பெரிய குப்பி, அத சின்ன சிரிஞ்சுக்குப் பிரிக்கணும், பிரிக்கிற எடம் சுத்தமா இல்லன்னா கிருமி போய் கண்ணே போயிடும். ஆக ஃபார்மசில சுத்தமான அறை இருக்கான்ற கேள்விக்குப் பதில் தெரியாம இந்த மிச்சம் கெடைக்காது.

இதனால தான் நாட்டுக்கு ஒரு அமைப்பு இருந்தா மட்டும் போதாது, ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளயும் இது நடக்கணும்னு சொல்றேன். 2009ல ஆபரேஷன் தியேட்டர்ல ஒவ்வொண்ணா சரிபாத்து டிக் பண்ற செக்லிஸ்ட் வந்துச்சு, 8 ஊர்ல 8 ஆஸ்பத்திரில பாத்தப்போ சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்குச்சு, உலகமே கைதட்டிச்சு. கனடால ஒன்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரிக்குக் கட்டாயமாக்கினாங்க, 2014ல ரிசல்ட் பாத்தா சொல்லிக்கிற மாதிரி குறையவே இல்ல. காகிதம் ஒண்ணு தான், அத எப்படிக் கொண்டு வந்தாங்கன்றது வேற. இப்ப புதுசா ஏஐன்னு வருது பாருங்க, அமெரிக்கால நூத்துக்கணக்கான ஆஸ்பத்திரில ஓடிட்டு இருந்த, செப்சிஸ்ன்ற உயிருக்கு ஆபத்தான கிருமித் தொற்று நிலைய முன்கூட்டியே சொல்ற ஒரு அலாரம் சாஃப்ட்வேர மிச்சிகன்ல ஒரு டீம் தனியா சோதிச்சு 2021ல எழுதினாங்க, செப்சிஸ் வந்தவங்கள்ல 67 சதவீதத்த அது கோட்ட விட்டுச்சு, ஆனா அட்மிட் ஆனவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடிச்சுது. நர்ஸ் எத்தன அலாரத்துக்குத் தான் ஓடுவாங்க? வாங்கும்போது ரிப்போர்ட் ரொம்ப நல்லா தான் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி அளவுல செய்யுறது பெரிய வித்தை எல்லாம் இல்ல. டென்மார்க்ல 2005லயே மினி ஹெச்டிஏன்னு ஒரு ஃபாரம் போட்டாங்க, 26 கேள்வி, தொழில்நுட்பம், நோயாளி, ஆஸ்பத்திரி அமைப்பு, செலவுன்னு நாலு பக்கமும் வரும், எந்த டிபார்ட்மென்ட் புதுசா ஒண்ணு வேணும்னு கேக்குதோ அதே டிபார்ட்மென்ட் அத நிரப்பிக் குடுக்கணும். மான்ட்ரியல்ல மெக்கில் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில 2001ல உள்ளயே ஒரு யூனிட் ஆரம்பிச்சாங்க, டாக்டர், நர்ஸ், நிர்வாகம், நோயாளிகள் சார்பா ஆள்னு சேந்து உக்காந்து ரிப்போர்ட் போடுறது, அந்த ரிப்போர்ட்டுகள வெளியிலயும் போடுறாங்க. பார்சிலோனா ஆஸ்பத்திரி ஒண்ணு முன்னால நின்னு ஐரோப்பால இதுக்கு ஒரு கைடே 2015ல கொண்டு வந்தாங்க. ஃபாரம் நிரப்பினாலே பாதி ஆசை அடங்கிடும்ன்றது என் அனுபவம், ஒப்பிட்டு எதோடன்னு ஒரு கட்டம் காலியா நிக்கும்போது கேட்டவருக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

செலவுப் பக்கம் ஒண்ணு சொல்லிடுறேன், இது எங்க ஏரியா. மெஷின் விலையப் பாத்து முடிவு பண்றவங்க யானைக்கு விலை பேசிட்டு தீனிக் கணக்க விட்டவங்க. வாரன்ட்டி முடிஞ்சப்புறம் வருஷா வருஷம் சர்வீஸ் கான்ட்ராக்ட், ரோபோ கைல மாட்டுற கருவிகள்ல ஒரு சிப் எண்ணிக்கிட்டே இருக்கும், ரொம்ப காலம் நெறைய கருவிக்கு 10 கேஸ் தான், அதுக்கப்புறம் நல்லா இருந்தாலும் தூக்கிப் போடணும், கேஸ் கம்மியா பண்ற ஆஸ்பத்திரில சர்ஜன் கை பழகுறதே கஷ்டம். இதுல பெரிய வில்லங்கம் இலவசமா வர்ற மெஷின். நான் இருந்த எடத்துல ஒரு லேப் அனலைசர் சும்மா கொண்டு வந்து வச்சாங்க, ஒப்பந்தம் என்னன்னா டெஸ்டுக்கு ஊத்துற ரசாயனமான ரீஏஜென்ட் அவங்ககிட்ட மட்டும் வாங்கணும், மாசம் இவ்ளோ டெஸ்ட் ஓடணும். விலை பூஜ்யம்ன்றதால பர்ச்சேஸ் கமிட்டிக்கே அது வரல. அப்புறம் வார்டுல எல்லா அட்மிஷனுக்கும் அந்த டெஸ்ட் ப்ரிண்ட் பண்ண ஃபாரத்துலயே டிக் ஆகி வர ஆரம்பிச்சுது. எந்த டாக்டரும் அத முடிவு பண்ணல, எந்த நோயாளிக்கும் அது எதுக்குன்னு தெரியாது. இந்த மாதிரி மெஷினுக்குத் தான் மொதல்ல ஹெச்டிஏ பண்ணணும்னு சொல்வேன்.

அப்புறம் நிறுத்துறது. உள்ள கொண்டு வர்றதுக்கு நாலு மீட்டிங் நடக்குது, வெளிய அனுப்புறதுக்கு ஒரு மீட்டிங் கூட இல்ல. புதுசா எது வாங்கினாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒவ்வொரு நோயாளியையும் ரிஜிஸ்டர்ல ஏத்தணும், என்ன ரிசல்ட் வந்தா இத நிறுத்துவோம்னு வாங்குற அன்னிக்கே எழுதி வைக்கணும்னு நான் கமிட்டில கேட்டிருக்கேன், நல்ல யோசனைன்னு சொல்லி மினிட்ஸ்ல ஏத்தினாங்க, மினிட்ஸ்லயே இருக்கு. ஆதாரம் பத்தல ஆனா நம்பிக்கை இருக்குன்ற கருவிக்கு இத விட்டா வேற நேர்மையான வழி எனக்குத் தெரியல, ஏன்னா முழு ஆதாரம் வரட்டும்னு காத்திருந்தா நல்லதும் லேட் ஆகும், ஹெச்டிஏ அமைப்புங்க மேல அந்தக் குறையும் உண்மையாவே இருக்கு, சில மருந்துக்கு வருஷக்கணக்கா இழுத்திருக்காங்க.

இப்ப உங்ககிட்ட கேக்குறது. அடுத்த தடவ ரிப்பன் வெட்டுற நியூஸ் வரும்போது உங்க நிருபர் அந்த ஆஸ்பத்திரிகிட்ட கேக்கட்டும், இதுக்கு முன்னாடி இந்த நோய்க்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க, அத விட இது மேல்னு சொல்ற ட்ரையல் எது, அதுல சாவும் நோய் திரும்ப வர்றதும் பாத்தாங்களா இல்ல தழும்ப மட்டும் பாத்தாங்களா, வாங்கலாம்னு சொன்ன ரிப்போர்ட்ட மக்கள் பாக்கலாமா, அந்தக் கமிட்டில கம்பெனிகிட்ட பணம் வாங்கினவங்க யாராவது இருக்காங்களா. பதில் வரலன்னா வரலன்னே போடுங்க. அதே மெஷின் பத்தி ஒரு வருஷம் கழிச்சு திரும்பப் போய் எத்தன பேருக்குப் பண்ணாங்க, எத்தன பேர் எப்படி இருக்காங்கன்னு அதே சைஸ்ல ஒரு நியூஸ் போடுங்க, போட்டோ இல்லாட்டியும் பரவாயில்ல.

இப்படிக்கு,
உங்க வாசகர், ஓய்வு பெற்ற பயோமெடிக்கல் இன்ஜினியர்